கொதிக்க வைக்கச் சொன்னீர்கள், எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை

உள்ளாட்சி மன்றத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், அறிவிப்புகளில் கையெழுத்திடும் அலுவலர்களுக்கும், ஊர்ச் செய்தி இதழும் செய்திக் குழுவும் நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

நோய் பரவும் நாட்களில் உங்களிடமிருந்து வரும் அறிவிப்புகளைப் பற்றி எழுதுகிறோம். குடிநீர்த் தொட்டிக்குக் குளோரின் போட ஓர் ஆள் இருக்கிறார். அவருக்கு ஓர் அளவு, ஒரு நேரம், ஒரு பதிவேடு உண்டு. செய்தி சொல்லும் வேலைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு யாருக்குக் கை ஓய்ந்திருக்கிறதோ அவர் தட்டச்சு செய்கிறார், யாரோ முத்திரை வைத்துப் படம் எடுக்கிறார், அது நூறு குழுக்களில் சுற்றுகிறது. செய்தி சொல்வதும் நோய்த்தடுப்பு வேலைதான். அதற்கும் ஆள், அளவு, நேரம், பதிவேடு நான்கும் வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்றொரு சிற்றூர். 2000ஆம் ஆண்டு மே மாதம், பெருமழைக்குப் பிறகு அதன் குடிநீர்க் கிணற்றில் ஈ. கோலை ஓ157 கிருமி கலந்தது. 7 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றார்கள். குடிநீர்த் துறையினர் தண்ணீரில் எஞ்சிய குளோரினைத் தினமும் அளக்காமலே பதிவேட்டில் எண்களை எழுதி வைத்திருந்தார்கள். சுகாதார அலுவலகம் கேட்டபோதும் ‘தண்ணீரில் பிரச்சினை இல்லை’ என்றே குடிநீர்த் துறை பதில் சொன்னது. மே 21 அன்று கொதிக்க வைத்துக் குடிக்கும்படி வானொலியில் அறிவித்தார்கள். அன்று அந்த அறிவிப்பு ஊரில் பாதிப் பேரை மட்டுமே எட்டியது என்று பின்னால் நடந்த நீதி விசாரணை கண்டது. எட்டாதவர்களில் சிலர் அதே தண்ணீரைத் தொடர்ந்து குடித்தார்கள். குளோரின் விஷயத்தில் நடந்த தவறு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அறிவிப்பு பாதி ஊரோடு நின்றுபோனதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

போய்ச் சேர்ந்த அறிவிப்பில் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ‘பொதுமக்கள் குடிநீரைக் கொதிக்க வைத்துப் பருகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற வரியை அடுப்படியில் நின்று படித்துப் பாருங்கள். எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும்? பெரிய குமிழ்கள் தளதளவென்று எழும்பத் தொடங்கியபின் 1 நிமிடம் போதும். கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர் என்றால் 3 நிமிடம். இதைச் சொல்லாவிட்டால் ஒரு வீட்டில் சூடு ஏறியதுமே இறக்கிவிடுவார்கள், இன்னொரு வீட்டில் இருபது நிமிடம் எரியவிட்டு இரண்டாம் நாள் எரிபொருள் தீர்ந்து பச்சைத் தண்ணீருக்குத் திரும்புவார்கள். தண்ணீர் கலங்கியிருந்தால் முதலில் தெளியவிட்டு, சுத்தமான துணியில் வடிகட்டிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். ஆறியதை வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல் கொதித்த பாத்திரத்திலேயே மூடி வைக்கச் சொல்லுங்கள், மாற்றும் பாத்திரம் கழுவப்பட்டது பழைய தண்ணீரில்தான். பல் துலக்க, குழந்தைக்குப் பால்மாவு கரைக்க, பச்சையாகத் தின்னும் காய் கழுவ, பனிக்கட்டி செய்ய எல்லாவற்றுக்கும் கொதித்த நீரே வேண்டும். வாயில் போகாமல் குளிக்கலாம், துணி துவைக்கலாம். இந்தக் கடைசி வரி இல்லாத அறிவிப்பு வந்தால் அன்று மாலைக்குள் ‘குளிக்கலாமா?’ என்ற கேள்வியே உங்கள் தொலைபேசியை முடக்கிவிடும்.

கொதிக்க வைப்பது எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. கலந்தது கிருமி என்றால் சரி. நைட்ரேட், ஈயம் போன்றவை என்றால் கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிப் போகும், நஞ்சின் செறிவு கூடும். குளோரினும் எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீர் வழியாக 4 லட்சம் பேர் வரை வயிற்றுப்போக்குக்கு ஆளானார்கள். காரணமான கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, குடிநீரில் வழக்கமாகச் சேர்க்கும் குளோரினுக்கு அசையாது. அந்த இடத்தில் ‘குளோரின் மாத்திரை போட்டுக் குடியுங்கள்’ என்று ஓர் அறிவிப்பு போயிருந்தால், அதைக் கடைப்பிடித்தவர்களும் பாதிக்கப்பட்டிருப்பார்கள். ஆகவே எதற்காக இந்த அறிவுரை என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். ஐயம் கிருமி மேலா, வேதிப்பொருள் மேலா, இன்னும் தெரியவில்லையா? தெரியாத வரையில், குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் எங்கே, எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்பதுதான் அறிவிப்பாக இருக்க முடியும்.

‘குளோரின் போடப்பட்டுள்ளது’ என்பதும் எதையும் சொல்லாத வாக்கியம். தொட்டியில் எவ்வளவு போட்டீர்கள் என்பதைக் காட்டிலும் கடைசிக் குழாயில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே கணக்கு. 10,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் வேண்டுமானால் 20 கிராம் குளோரின் தேவை. பிளீச்சிங் பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருந்தால் 67 கிராம் பவுடர். அந்த மூட்டை ஈரத்திலும் வெயிலிலும் வாய் திறந்து கிடந்து 15 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் அதே 67 கிராம் பாதி வேலைதான் செய்யும், வேண்டியது 133 கிராம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரினைச் சேறே தின்றுவிடும். போட்ட பிறகு 30 நிமிடம் காத்திராமல் திறந்துவிட்டாலும் பலன் இல்லை. இத்தனை இடத்தில் தவற முடியும் என்பதால்தான் முடிவை அளந்து சொல்லச் சொல்கிறோம். ‘இன்று காலை 7 மணி, கடைக்கோடித் தெருக்குழாய், எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மி.கி.’ என்று எழுதுங்கள். நோய்க் காலத்தில் 0.5 இருக்க வேண்டும், சாதாரண நாளிலும் 0.2க்குக் கீழே போகக் கூடாது என்பதை ஒருமுறை விளக்கிவிட்டால் மறுநாள் முதல் மக்களே அந்த எண்ணைக் கேட்பார்கள். 0.1 என்று வந்தால் 0.1 என்றே போடுங்கள், கூடவே என்ன செய்கிறீர்கள் என்பதையும்.

எண்களில் அதிகம் தடுமாறுவது நோயாளிகளின் கணக்கில்தான். ‘இன்று 40 பேருக்குத் தொற்று’ என்கிறீர்கள். இந்த ‘இன்று’ எந்த இன்று? அறிகுறி தொடங்கிய நாள், மாதிரி எடுத்த நாள், ஆய்வக முடிவு வந்த நாள், உங்கள் பட்டியலில் ஏறிய நாள் என்று ஒரு நோயாளிக்கு நான்கு தேதிகள் உண்டு. விடுமுறையில் ஆய்வகம் மூடியிருந்தால் இரண்டு நாள் எண்ணிக்கை சரிந்து, மூன்றாம் நாள் ஒரே தாவாகத் தாவும். முதலில் ‘கட்டுக்குள் வந்தது’ என்றும் பிறகு ‘மீண்டும் வேகம்’ என்றும் இரண்டு தலைப்புகள் வரும். நோய் ஒன்றும் செய்யவில்லை, ஆய்வகம் பூட்டியிருந்தது, அவ்வளவே. தினசரி எண்ணோடு 7 நாள் சராசரியையும் போடுங்கள். அறிகுறி தொடங்கிய நாளின்படி வரைபடம் போட்டால் கடைசிச் சில நாட்கள் எப்போதும் தாழ்ந்தே தெரியும், அவற்றின் முடிவுகள் இன்னும் வந்து சேரவில்லை. அந்தப் பகுதிக்கு வேறு நிறம் கொடுத்து ‘இன்னும் கூடும்’ என்று அதன் மேலேயே எழுதுங்கள். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை.

எத்தனை பேரைச் சோதித்தீர்கள் என்பதும் சேர்ந்து வர வேண்டும். 200 பேரில் 40 என்பதும் 1,000 பேரில் 40 என்பதும் ஒன்றல்ல. சோதனையைப் பாதியாகக் குறைத்தாலே எண்ணிக்கை ‘குறையும்’. உறுதியானவர், ஐயத்துக்குரியவர் என்ற இரண்டையும் ஒரே கூட்டலில் சேர்க்காதீர்கள். நடுவழியில் வரையறை மாறினால், மாறிய நாளிலேயே சொல்லுங்கள், பழைய எண்ணையும் புதிய வரையறையில் ஒருமுறை திருப்பிக் கொடுங்கள். இறப்புக் கணக்கில் இது பல மடங்கு முக்கியம். தணிக்கைக்குப் பின் பழைய இறப்புகள் பட்டியலில் சேரும்போது, ‘இவை கடந்த வாரங்களில் நடந்தவை’ என்ற வாக்கியம் எண்ணுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

சிறிய எண்களில் இன்னொரு கண்ணி உண்டு. ‘வார்டு 7, ஒருவர், வயது 34, பெண், ஆசிரியை’ என்று போட்டால் பெயர் போட வேண்டிய தேவையே இல்லை. ஒரு பகுதியில் எண்ணிக்கை 5க்குக் கீழே இருந்தால் வயது, பால், தொழில் எதுவும் வேண்டாம், ‘5க்கும் குறைவு’ என்று நிறுத்துங்கள். வீட்டு வாசலில் ஒட்டும் தாள், தெருவின் பெயரோடு பரவும் பட்டியல் இரண்டும் ஒரே பலனைத்தான் தரும். அடுத்த நோயாளி சோதனைக்கு வர மாட்டார்.

இனி வழிகள். செய்தி ஒன்றே, ஆனால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. தமிழில் அனுப்பும் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 70 குறியீடுகள்தான். ஆங்கில எழுத்தில் 160. மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். ‘க்கு’ நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, தொலைபேசிக்கு நான்கு. 70ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும், அப்போது ஒரு துண்டுக்கு 67தான். ஒரு துண்டு தாமதமானால் ‘குடிக்கவும்’ மட்டும் வந்து ‘கொதிக்கவைத்தே’ வராமல் போகலாம். 70க்குள் சொல்ல முடியும்:

வார்டு 3,4: குழாய் நீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவும். அடுத்து: மாலை 6

இடைவெளிகளையும் சேர்த்து 68. மதிப்பிற்குரிய பொதுமக்களே என்று தொடங்கினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம் அதிலேயே போய்விடும். மரியாதை குறைந்ததாக யாரும் வருந்த மாட்டார்கள். அவசரம் கடுமையானது என்றால் செல் பிராட்காஸ்ட் வசதியை மேல்நிலை அதிகாரிகள் வழியாகக் கேளுங்கள். அதற்கு எண்களின் பட்டியல் வேண்டாம், அந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் கைபேசிகளில் ஒரே நேரத்தில் ஒலிக்கும். குறுஞ்செய்தி வரிசையில் நின்று ஒவ்வொன்றாகத்தான் போகும்.

ஒலிபெருக்கி வண்டியின் கணக்கையும் யாரோ ஒருவர் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 250 மீட்டர். குரல் முன்னும் பின்னும் 100 மீட்டருக்குத் தெளிவாகக் கேட்கும் என்று வைத்தாலும் ஒரு வீட்டுக்குக் கிடைப்பது 48 விநாடி. நடுவில் காது கொடுப்பவரும் ஒரு முழுச் சுற்றைத் தொடக்கத்திலிருந்து கேட்க வேண்டுமானால் செய்தி 24 விநாடியைத் தாண்டக் கூடாது. தலைவரின் பெயர், துணைத் தலைவரின் பெயர், ஏற்பாடு செய்த துறையின் பெயர் என்று போகும் வண்டி, ‘தண்ணீரை’ என்ற சொல்லை எட்டும்போது அடுத்த தெருவில் இருக்கும். பாட்டு வேண்டாம். முனைகளில் நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள். காது கேளாதோர் வீட்டுக்கும், கைபேசி இல்லாத வீட்டுக்கும், படுக்கையில் கிடக்கும் முதியவர் வீட்டுக்கும் ஆளே போக வேண்டும். அந்த வீடுகளின் பட்டியல் நோய் வருவதற்கு முன்பே வார்டு உறுப்பினர் கையில் இருந்தாக வேண்டும்.

படமாக அனுப்பும் அறிவிப்புக்கு எங்கள் பெரிய மன்றாட்டு இது. தேதியும் நேரமும் எந்த நாள் வரை செல்லும் என்பதும் படத்துக்குள்ளேயே, மேல் ஓரத்தில், பெரிதாக இருக்கட்டும். ‘நாளை முகாம்’ என்று தேதியில்லாமல் வரும் படம் மூன்று வாரம் கழித்தும் ‘நாளை’ என்றே சுற்றும், மக்கள் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் வரிசை எண் கொடுங்கள். ‘அறிவிப்பு 4, அறிவிப்பு 3 செல்லாது’ என்று வந்தால் எது புதிது என்ற சண்டையே எழாது. படத்தின் கீழே அதே செய்தியை எழுத்தாகவும் ஒட்டுங்கள். பார்வையற்றோரின் கைபேசியில் எழுத்தை ஒலியாக வாசிக்கும் திரை வாசிப்பான் பெரும்பாலும் படத்தை வாசிக்காது, தேடினாலும் கிடைக்காது.

தவறு நேரும், நேராமல் இருக்காது. முகவரி மாறிப்போகும், எண் தவறாகும். செய்த தவறைச் சத்தமில்லாமல் அழித்துவிடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. உங்கள் குழுவில் அழித்தாலும், அதற்குள் வாட்ஸ்அப்பில் வேறு குழுக்களுக்குப் போன நகல்கள் அழியா. அதே வடிவில், அதே இடங்களுக்கு, ‘திருத்தம்’ என்ற சொல்லோடு மறுபடி அனுப்புவது ஒன்றே வழி. வதந்திக்கு மறுப்பு எழுதும்போது வதந்தியையே தலைப்பாக்காதீர்கள். ‘தடுப்பூசியால் மயக்கம் என்பது பொய்’ என்ற தலைப்பில் அவசரமாகப் படிப்பவர் மனதில் தங்குவது தடுப்பூசியும் மயக்கமும்தான். முதலில் உண்மை, நடுவில் ஒரே வரியில் வதந்தி, பிறகு மறுபடி உண்மை என்று எழுதுங்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மூட வேண்டியதும் இல்லை, அது எந்த நேரத்தில் திறக்கிறது என்று பார்த்தால் போதும். மாலை 6 மணிக்குச் செய்தி வரும் என்று சொல்லிவிட்டு இரவு 9 வரை வராத நாளில்தான் கட்டுக்கதை பெருகும். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் 6 மணிக்கு வாருங்கள். ‘மாதிரிகள் ஆய்வகத்தில் இருக்கின்றன, முடிவு வரவில்லை, காலை அறிவுரையே தொடர்கிறது, அடுத்த செய்தி நாளை காலை 8’ என்பதே ஒரு முழுச் செய்தி. உலக சுகாதார அமைப்பு 2005இல் வெளியிட்ட நெறிமுறைகளும் முன்கூட்டியே அறிவிப்பதையும் ஒளிக்காமல் சொல்வதையும் வலியுறுத்துகின்றன. பரபரப்பு வேண்டாம் என்று காத்திருப்பதாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த நாட்களில் மருந்துக்கடைக்காரருக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் விஷயம் ஏற்கெனவே தெரிந்துவிட்டிருக்கும். தெரியாதது போல இருப்பது நீங்கள் மட்டும்தான்.

படம் எடுப்பதற்கென்றே செய்யும் வேலைகளைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. தெருவெங்கும் கிருமிநாசினி பீய்ச்சுவதையும், மனிதர்கள் மேல் தெளிப்பதையும் உலக சுகாதார அமைப்பு 2020 மே மாதமே வேண்டாம் என்றது. தூசியும் அழுக்கும் மருந்தைச் செயலிழக்கச் செய்கின்றன, தெளிபடும் கண்ணும் நுரையீரலும் எரிகின்றன. டெங்குவுக்கு அடிக்கும் புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், தொட்டிக்குள் நெளியும் புழு அப்படியே இருக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் 10 நாள் வரை ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை நீரைக் கொட்ட வேண்டும். பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்தும் கழுவ வேண்டும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். புகை அடிக்கும் வண்டியின் படத்தோடு இந்த வரியும் போகாவிட்டால், ‘அரசாங்கம் செய்துவிட்டது’ என்ற நிம்மதிதான் மிஞ்சும்.

ஊர்ச் செய்தி நடத்தும் நண்பர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. 1854இல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, பிராட் தெரு அடிகுழாய் மேல் ஐயம் கொண்டு மருத்துவர் ஜான் ஸ்னோ வட்டார நிர்வாகக் குழுவின் முன் பேசினார். மறுநாள், செப்டம்பர் 8 அன்று, குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். இது எல்லோரும் அறிந்த கதை. அதே வட்டாரத்துப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், ஸ்னோவின் கருத்தை முதலில் நம்பவில்லை. வீடு வீடாகப் போய் விசாரித்தார். கடைசியில் அந்தக் குழாய்க்குப் பக்கத்து வீட்டில், முதலில் நோயுற்ற கைக்குழந்தையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். கைப்பிடியைக் கழற்றும் முன்பே நோய் தணியத் தொடங்கியிருக்கலாம் என்று ஸ்னோவே எழுதி வைத்தார். மன்றத்தின் அறிவிப்பை அப்படியே மறுபதிப்புச் செய்வதோடு உங்கள் வேலை முடிவதில்லை. எந்தத் தெருவில் தண்ணீர் நாறுகிறது, எந்த முகாமில் மருந்து தீர்ந்தது, எந்தப் பள்ளியில் வருகை திடீரென்று குறைந்தது என்பதைத் தேதி, நேரம், இடத்தோடு குறித்து மன்றத்துக்கு அனுப்புங்கள். பெயரில்லாமல், நேரில் பார்த்ததா கேள்விப்பட்டதா என்ற குறிப்போடு. ‘மக்கள் கொந்தளிப்பு’ என்று எழுதினால் அலுவலரால் எதுவும் செய்ய முடியாது. ‘வார்டு 3, இரண்டாம் குறுக்குத் தெரு, மூன்று நாளாக மஞ்சள் நிறத் தண்ணீர்’ என்றால் ஒருவர் மிதிவண்டியில் போய்ப் பார்க்கலாம். அவசரக் கொள்முதல் கணக்கையும் கேளுங்கள். கூட்டம் நடக்காத மாதங்களில் என்ன வாங்கினார்கள், எத்தனை, யாரிடம் என்ற பட்டியலை மன்றம் தானாகவே வெளியிட்டால் நீங்கள் கேட்கும் வேலையும் மிச்சம்.

கடைசியாக, யாரும் எழுதாத அறிவிப்பு ஒன்று இருக்கிறது. ‘முடிந்தது’ என்ற அறிவிப்பு. கொதிக்க வைக்கச் சொன்னீர்கள், எப்போது நிறுத்தலாம் என்று சொல்லவே இல்லை. இரண்டு வாரத்தில் பாதி வீடுகள் தாங்களாகவே நிறுத்திவிடும், மீதி வீடுகள் மாதக்கணக்கில் எரிபொருளைச் செலவழிக்கும். அடுத்த முறை நீங்கள் சொன்னால் இரண்டு பக்கமும் கேட்காது. எந்தச் சோதனையின் முடிவில் அறிவுரை விலக்கப்படுகிறது, மாதிரி எடுத்த இடங்கள், தேதி ஆகியவற்றோடு எழுதுங்கள். கூடவே செய்ய வேண்டியவையும் இருக்கட்டும்: குழாய்களைத் திறந்துவிட்டு உள்ளே தங்கிய பழைய நீரை ஓடவிடுவது, வீட்டுத் தொட்டியைக் காலி செய்து கழுவுவது, அந்த நாட்களில் உறைய வைத்த பனிக்கட்டியைக் கொட்டுவது, வடிகட்டியின் உறுப்பை மாற்றுவது. இந்த அறிவிப்புக்கும் வரிசை எண் போட்டு, முதல் அறிவிப்பு போன அத்தனை வழிகளிலும், வண்டி உட்பட, அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பொது சுகாதாரப் பணியிலும் உள்ளூர்ச் செய்திப் பணியிலும் உள்ளவர்கள்